கைதட்டலுக்கு வவுச்சர் கிடையாது!

உங்கள் கம்பெனியில் இந்த வருஷம் இன்க்ரிமென்ட் கிடையாது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி? ரொம்பச் சுலபம். நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். 'வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தன்னம்பிக்கைச் சிறப்புரை. அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும். டீ, சமோசா உண்டு' என்று ஒட்டியிருந்தால், முடிந்தது கதை. கை நிறைய போனஸ் கொடுக்கிற வருஷத்தில் எந்த முதலாளியும் நம் தன்னம்பிக்கையைப் பற்றிக் கவலைப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

கேட்கப் போகிறவர்களாவது பரவாயில்லை. இரண்டு மணி நேரம் ஏ.சி.யில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம். பாவம், பேச்சாளரைப் பிடித்து வருகிற பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ, அந்த ஆசாமிதான். அவர் அநேகமாக ஆபீஸிலேயே வயசில் சின்னவராக இருப்பார். கல்யாணம் ஆகாதவராக இருப்பார். 'முடியாது சார்' என்று சொல்லத் தெரியாதவராக இருப்பார். இந்தப் பக்கத்தைப் படிக்கிற பலருக்கு இந்த மூன்று தகுதிகளும் இருக்கும் என்கிற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது ஏழெட்டு வருஷம் முன்னால். பாண்டிச்சேரியில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இடம், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை. (ஊட்டி ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையம் இல்லை. எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது. ரயிலுக்குப் பதில் லாரி.) ஒருநாள் எம்.டி. கூப்பிட்டார்.

"தம்பி, நம்ம பசங்களுக்கு மோட்டிவேஷன் பத்தலை. ஆர்டர் எல்லாம் லேட்டாப் போகுது. நல்ல பேச்சாளரா ஒருத்தரைப் பிடி. நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதுறியே, உனக்குத் தெரியாத பேச்சாளரா?"

அதுவரை பத்திரிகையில் வெளியாகியிருந்த என் படைப்புகள்: இரண்டு ஜோக், ஒரு வாசகர் கடிதம்.

"பட்ஜெட் சார்?"

"நாப்பதாயிரம் வரைக்கும் போ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே எம்.டி.யின் மேஜையில் பதினாலாயிரம் ரூபாய்க்கு ஒரு டிராலி கொட்டேஷன் நாலு மாசமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் மேலே எடுத்து வைத்துவிட்டு வந்தேன். இரண்டு தரமும் அது அடியில் போய்விட்டது. அந்த டிராலியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பேச்சாளர் வேட்டை.

பாண்டிச்சேரி என்ற பெயருக்கே ஒரு மகிமை உண்டு. சென்னைப் பேச்சாளருக்குப் போன் போட்டு, "புதன்கிழமை வர முடியுமா சார்?" என்றால் டைரியில் மூச்சுவிட இடம் இருக்காது. "எந்த ஊரு?" என்பார். "பாண்டிச்சேரி." உடனே குரலில் தேன். "சனிக்கிழமை வெச்சுக்கலாமே! ஞாயித்துக்கிழமைக்கும் ரூம் போட்டுடுங்க. நண்பர்கள் ரெண்டு பேர் கூட வருவாங்க." நண்பர்கள் எதற்கு வருகிறார்கள் என்பதை எந்த ஊர்க்காரருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பியைப் பார்க்க என்று வைத்துக்கொள்வோம்.

பத்து நாள் ஆராய்ச்சியில் பேச்சாளர்களை மூன்று ஜாதியாகப் பிரித்தேன். முதலாவது, கர்ஜனை ரகம். 'உன்னால் முடியுமா? முடியுமா? முடியுமா?' என்று மூன்று தரம் கேட்பார். 'முடியும்' என்று நாம் கத்தும் வரை விட மாட்டார். இரண்டாவது, கண்ணீர் ரகம். தெரு விளக்கில் படித்ததில் ஆரம்பித்து, அம்மாவின் கிழிந்த சேலையில் முடிப்பார். நாமும் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருவோம். மறுநாள் ஆர்டர் அதே மாதிரி லேட்டாகத்தான் போகும். மூன்றாவது, கோடீஸ்வர ரகம். தான் எப்படிக் கோடீஸ்வரன் ஆனேன் என்று விளக்குவார். விசாரித்தால், கோடீஸ்வரன் ஆவது எப்படி என்று பேசியே ஆகியிருப்பார்.

ரகம் எதுவானாலும் சரக்கு ஒன்றுதான். கழுகுக் கதை வராத பேச்சையே நான் பார்க்கவில்லை. நாற்பது வயசானதும் கழுகு மலை உச்சிக்குப் போய்ப் பழைய அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு முளைக்கும் வரை காத்திருந்து, இன்னும் முப்பது வருஷம் ஜோராக வாழுமாம். கேட்கப் புல்லரிக்கும். ஆனால் எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. அலகை உடைத்துக்கொண்ட கழுகு இரையைக் கிழிக்க முடியாமல் பட்டினி கிடந்தே செத்துப்போகும். காட்டில் இருபது, முப்பது வருஷம் வாழ்ந்தாலே பெரிய கழுகுகளுக்கு அது தீர்க்காயுசு.

அடுத்தது மூளை. 'நாம் மூளையில் பத்து சதவீதம்தான் உபயோகிக்கிறோம்.' தப்பு. மூளையை ஸ்கேன் செய்து பார்க்கிற டாக்டர்கள், சும்மா கிடக்கிற தொண்ணூறு சதவீதம் என்று ஒரு பகுதியைக் கண்டதே இல்லை. அப்புறம், 'பேச்சில் வார்த்தைக்கு ஏழு சதவீதம்தான் மதிப்பு. மீதி தொண்ணூற்று மூன்றும் குரலும் பாவனையும்.' இது ஆல்பர்ட் மெராபியன் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் 1967-ல் செய்த பரிசோதனைகளிலிருந்து பிய்த்தெடுத்தது. ஒருவர் சொல்கிற சொல் ஒன்றாகவும் முகம் வேறாகவும் இருந்தால், அவருக்குப் பிரியமா வெறுப்பா என்று எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் அவர் பார்த்தது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வார்த்தைக்கு ஏழு சதவீதம்தான் மதிப்பு என்றால், இவருக்கு நாற்பதாயிரத்தில் இரண்டாயிரத்து எண்ணூறு கொடுத்தால் போதாதோ?

இன்னொருவர் தீ மிதிக்க வைப்பதாகச் சொன்னார். கனல் மேல் நடந்துவிட்டால் பயம் போய்விடுமாம். தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், விறகு தனி. "சார், எங்க ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல காப்புக் கட்டிட்டு இலவசமாவே மிதிக்கிறாங்க" என்றேன். போனை வைத்துவிட்டார். வைத்தது நல்லதாகப் போயிற்று. உலகப் புகழ் பெற்ற டோனி ராபின்ஸ் 2016 ஜூனில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் இப்படி நடக்க வைத்ததில் முப்பது பேருக்கு மேல் கால் சுட்டுக்கொண்டார்கள். தீக்காயத்துக்கு எங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் என்ன காரணம் எழுதுவது? 'மோட்டிவேஷன்' என்றா?

நான் பேச்சுக்கே விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். பாண்டிச்சேரிக்காரனால் அப்படி இருக்கவும் முடியாது. வருஷா வருஷம் மே மாசம் கம்பன் கலையரங்கத்தில் கம்பன் விழா நடக்கும்போது வந்து பாருங்கள். வீட்டில் சொன்ன பேச்சுக் கேட்காதவர்கள் எல்லாம் மணிக்கணக்கில் பேச்சுக் கேட்பார்கள். எங்கள் கம்பெனியில் பசை காய்ச்சுகிற பெரியவர் ஒருவர், எந்தப் பட்டிமன்றத்தில் எந்த நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வார் என்று பேச்சு ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். இப்படிப்பட்டவர்கள் முன்னால் போய்க் கழுகு அலகை உடைத்தது என்றால் என்ன ஆகும்?

தன்னம்பிக்கைப் பேச்சிலும் நம்மிடம் அசல் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். எம்.எஸ். உதயமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் தொழில் நடத்தி ஜெயித்த மனிதர். ஊருக்குத் திரும்பி 1988-ல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். அதே வருஷம் வந்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தில் கமலஹாசனுக்கு உதயமூர்த்தி என்றுதான் பெயர் வைத்தார் பாலசந்தர். அவர் எழுத்தைப் படித்துவிட்டுச் சொந்தத் தொழில் ஆரம்பித்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம். அவரைத் தேடிப் போய்ப் படித்தவர்கள் ஏற்கெனவே கிளம்பத் தயாராக இருந்தவர்கள். கம்பெனி ஹாலில் உட்கார வைக்கப்படுகிறவர்கள் சூப்பர்வைசர் விரட்டியதால் வந்தவர்கள். ஒரே பேச்சை இரண்டு பேருக்கும் பேச முடியாது.

இப்போது டிராலிக்கு வருகிறேன்.

அட்டைப்பெட்டி வேலை தெரியாதவர்களுக்காக: பேப்பர் ரீலை மெஷினில் நெளி நெளியாக மடித்து, பசை போட்டு ஒட்டி, காய வைத்து, வெட்டி, அச்சடித்து, பின் அடிப்பார்கள். இதில் ஒவ்வொரு கட்டத்திலும் அட்டைக் கட்டுகளை இங்கிருந்து அங்கே நகர்த்தவேண்டும். அதற்குக் கையால் தள்ளுகிற டிராலிகள் மூன்று இருந்தன. இரண்டுக்குச் சக்கரம் போய்விட்டது. ஒருவர் தள்ளிக்கொண்டு போகிற கட்டை நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். நாலு பேர் தூக்கப் போனால் நாலு மெஷின் நிற்கும். போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகையில் பாண்டிச்சேரி மழையைக் கேட்க வேண்டாம். கூரையில் மூன்று இடத்தில் ஒழுகல். நனைந்த அட்டை அப்பளம் இல்லை, காய வைத்துப் பொரிப்பதற்கு. கழிவுதான்.

பின் அடிக்கிற மெஷினில் ஓர் அண்ணன் இருந்தார். பாகூர் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். இருபது வருஷ சர்வீஸ். அவர் அடித்த பெட்டி வாய் பிளந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில் அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டுதான் நிமிர்வார். ஒருநாள் சம்பளக் கவரை வாங்கும்போது மெதுவாகக் கேட்டார்: "கணக்கு சார், நின்னுக்கிட்டா எனக்கு எவ்வளவு வரும்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன். யாருக்கும் தெரிய வேணாம்."

போட்டுக் கொடுத்தேன். கிராஜுவிட்டி, பி.எஃப். எல்லாம் சேர்த்து. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த மனிதர். அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவருக்கா மோட்டிவேஷன் பத்தவில்லை?

பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாக ஞாபகம் இருப்பது இரண்டு விஷயம். ஒன்று, ஹாதார்ன். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் தொழிற்சாலை அது. 1924-ல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். கூட்டினாலும் கூடியது, குறைத்தாலும் கூடியது என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த வெளிச்சக் கணக்கைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டார்கள், அது போகட்டும். பரீட்சைக்கு வராத விஷயம்தான் முக்கியம். அதே தொழிற்சாலையில் பிறகு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். கேட்டார்கள், அவ்வளவுதான். கழுகுக் கதை சொல்லவில்லை.

இரண்டாவது, ஹெர்ஸ்பெர்க். இவர் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் இருநூறு எஞ்சினியர்களையும் அக்கவுண்டன்ட்களையும் (ஆமாம், நம்ம ஆட்களைத்தான்!) பேட்டி கண்டு 1959-ல் புத்தகம் போட்டார். அவர் சொன்னது இது. சம்பளம், சூப்பர்வைசர், வேலை செய்கிற இடம், கம்பெனி விதிகள் இவையெல்லாம் மோசமாக இருந்தால் மனுஷன் நொந்துபோவான். சரியாக இருந்தால் நொந்துபோக மாட்டான், அவ்வளவே. உற்சாகம் வருவது வேறு இடத்திலிருந்து: செய்து முடித்த திருப்தி, அதை நாலு பேர் ஒப்புக்கொள்வது, பொறுப்பு, வேலையே பிடித்திருப்பது. ஒழுகுகிற கூரைக்கு அடியில் உட்கார வைத்துப் 'பொங்கி எழு' என்றால் எழுந்திருப்பார்கள், குடை தேட!

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. ஜப்பானியர்களுக்குத் தரத்தைச் சொல்லிக்கொடுத்த அமெரிக்கர் டெமிங். 1950-ல் அங்கே போய்ப் பாடம் நடத்தினார். மறு வருஷத்திலிருந்து அவர் பேரில் ஜப்பானில் ஒரு பரிசே கொடுக்கிறார்கள். அந்தப் பரிசை இந்தியாவில் முதல் முதலாக வாங்கியது எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? சென்னை பாடி! அங்கே அப்போது பிரேக் தயாரித்த சுந்தரம் கிளேட்டன் 1998-ல் வாங்கியது. அந்த டெமிங் முதலாளிகளுக்குப் பதினாலு கட்டளை எழுதி வைத்திருக்கிறார். பத்தாவது என்ன தெரியுமா? தொழிலாளிகளைப் பார்த்துக் கோஷம் போடுவதையும் உபதேசம் பண்ணுவதையும் நிறுத்து. குற்றம் குறைகளில் பெரும்பாலானவை ஏற்பாட்டில் இருக்கின்றன, அதைத் தொழிலாளியால் சரி செய்ய முடியாது. ஏற்பாடு முதலாளி கையில்.

ஜப்பான், சிகாகோ எல்லாம் போக வேண்டாம், எங்கள் ஊருக்கே வாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் பாண்டிச்சேரி ஒரு மில் ஊர். கடலூர் ரோட்டில் 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் 2020-ல்தான் மூடப்பட்டது. 1936-ல் இங்கே மில் தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலை கேட்டு நின்றார்கள். வ. சுப்பையா முன்னால் நின்றார். அந்த வருஷம் ஜூலை 30-ந் தேதி துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு பேர் செத்தார்கள். மறு வருஷம், 1937-ல், எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாயின. தங்கள் உயிரைக் கொடுத்து வேலை நேரத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்ட ஊர் இது. இந்த ஊரில் நின்று 'பசங்களுக்கு ஊக்கம் பத்தலை' என்று சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுப்பையா பேச்சுக்குக் கூட்டம் கூடியதென்றால், மேடைக்கு எதிரே நின்றவர்களின் குறை என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம் என்பேன்.

அதே 1936-ல்தான், துப்பாக்கிச் சூடு நடந்து சில மாசத்தில், அமெரிக்காவில் டேல் கார்னகி 'நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி' என்கிற பிரசித்தி பெற்ற புத்தகத்தைப் போட்டார். இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எல்லோருக்கும் அவர்தான் கொள்ளுத்தாத்தா. அவர் ஆரம்பித்த கதை வேடிக்கையானது. 1912-ல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப் பேச்சு வகுப்பு எடுக்கப் போனார். கொண்டுபோன சரக்கு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. கைகால் உதற, கடைசி வரிசையில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டு 'நீங்கள் ஏதாவது பேசுங்கள்' என்றார். அப்போதுதான் கண்டுபிடித்தார்: தனக்குக் கோபம் வந்த விஷயத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், எப்பேர்ப்பட்ட கூச்சக்காரனும் பிரமாதமாகப் பேசுகிறான்! கொள்ளுத்தாத்தா மற்றவர்களைப் பேச வைத்துப் பேர் வாங்கினார். பேரன்கள் மைக்கையே விடுவதில்லை.

கடைசியில் எங்களுக்கு ஒருவர் அகப்பட்டார். ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிடையர் ஆனவர். பேச்சாளர் என்று போர்டு மாட்டிக்கொள்ளவில்லை. போனில் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன்.

"எதுக்குத் தம்பி கூப்பிடுறீங்க?"

மற்ற எல்லோரும் கேட்டது 'எத்தனை பேர் வருவாங்க?' அல்லது 'டி.டி.எஸ். பிடிப்பீங்களா?'

"ஆர்டர் லேட்டாப் போகுது சார். மோட்டிவேஷன் பத்தலைன்னு எம்.டி. சொல்றார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சிரித்தார். "சனிக்கிழமை பேச்சுன்னா நான் வியாழக்கிழமை வரேன். மத்தியானம் அவங்களோட உக்காந்து சாப்பிடணும். அதுக்கு மட்டும் ஏற்பாடு பண்ணுங்க. ரூம் வேணாம், எனக்குப் பஸ் இருக்கு."

வந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதத்தைத் திறந்து பசைக்காரப் பெரியவருக்குப் பாதி கொடுத்தார். யாரிடமும் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் நாலு பேரோடு சேர்ந்து ஒரு கட்டைத் தூக்கினார். தூக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். 'இதுதானே விஷயம்?' என்கிற பார்வை.

சனிக்கிழமை இருபத்தைந்து நிமிஷம்தான் பேசினார். தான் மில்லில் கற்றுக்கொண்ட விஷயங்கள், தறி ஓட்டுகிறவரிடம் திட்டு வாங்கியது, இப்படி. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். "பேர் போட வேணாம். நாளைக்கே உங்க வேலை சுலபமாகணும்னா எது ஒண்ணு மாறணும்? ஒண்ணே ஒண்ணு. எழுதத் தெரியாதவங்க பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லி எழுதுங்க." சம்பளத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றும் அவர் சொல்லவில்லை.

நாற்பத்து மூன்று சீட்டு. மேடையில் படிக்கவில்லை. எம்.டி. ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். கணக்கு எழுத நானும் இருந்தேன். பத்தொன்பது பேர் டிராலி. ஒன்பது பேர் கூரை. எட்டுப் பேர் சம்பளம். ஆறு பேர் குடிதண்ணீர். மிச்சம் இருந்த ஒரு சீட்டை எம்.டி. இரண்டு தரம் படித்தார். பிறகு என்னிடம் தந்தார். 'மொதலாளிக்கு வணக்கம் சொன்னா அவரும் திருப்பிச் சொல்லணும்' என்று இருந்தது.

பெரியவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சார், உங்க ஆளுங்க நல்லவங்க. உங்ககிட்ட இன்னும் கேட்கிறாங்க. கேட்கிறதை நிறுத்திட்டாதான் கஷ்டம்." நாற்பதாயிரத்தில் ஐயாயிரம் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் எம்.டி. கேட்டில் காரை நிறுத்தி, "வணக்கம்" என்றார். வாட்ச்மேன் மிரண்டுபோய், தன்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். புதன்கிழமை டிராலி கொட்டேஷன் கையெழுத்தாகி வந்தது. கூரையை மழைக்கு முன்னால் பாதி அடைத்தார்கள். மீதியை அடுத்த வருஷம். தண்ணீர் மெஷின் வந்தது. சம்பளம் மட்டும் வரவில்லை. அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் வானூர் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அவர்களை எந்தப் பேச்சாளராலும் நிறுத்தியிருக்க முடியாது. நிறுத்தவும் கூடாது.

பின் மெஷின் அண்ணன் ஒருநாள் கவுன்டருக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து, "இதைக் கிழிச்சிடுங்க கணக்கு சார். பொண்ணு கல்யாணம் வரைக்கும் ஓட்டிடலாம்னு தோணுது" என்றார். ஓட்டினார். அவர் பெண் கல்யாணத்தில் சாப்பிட்ட கேசரி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஆர்டர்கள் நேரத்துக்குப் போக ஆரம்பித்தன. அது பேச்சாலா, டிராலியாலா என்று என்னைக் கேட்டால், நான் கணக்குப்பிள்ளை. டிராலிக்கு வவுச்சர் இருக்கிறது. கைதட்டலுக்குக் கிடையாது.

சரி, நாளைக்கு உங்கள் தலையில் இந்த வேலை விழுந்தால் என்ன செய்வீர்கள்? கத்தரித்து மணிபர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பேச்சாளர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். 'எத்தனை பேர்?' என்றால் அவருக்குக் கூட்டம் வேண்டும். 'எதுக்கு?' என்றால் உங்கள் பிரச்னை வேண்டும்.

இரண்டு: பேச்சுக்கு முன்னால் ஒருநாள் வர முடியுமா என்று கேளுங்கள். வர முடியாது என்றால், போன வாரம் வேறு கம்பெனியில் பேசிய அதே பேச்சுதான் உங்களுக்கும்.

மூன்று: கழுகு வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

நான்கு: அவரைப் பற்றி விசாரிக்கும்போது, ஏற்கெனவே அவரைக் கூப்பிட்ட கம்பெனி மேனேஜரைக் கேட்காதீர்கள். 'பிரமாதம்' என்பார். செக்கில் கையெழுத்துப் போட்டவர் வேறென்ன சொல்வார்? அங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவரைக் கேளுங்கள். அதுவும் மூன்று மாசம் கழித்து.

ஐந்து: பேசுகிற நேரத்தில் பாதியாவது நம்மவர்கள் பேச இடம் உண்டா என்று பாருங்கள்.

ஆறு: இதுதான் கஷ்டமானது. பேச்சாளரின் கொட்டேஷனை எம்.டி.யிடம் கொண்டுபோகும்போது, அவர் மேஜையில் தூங்குகிற வேறு கொட்டேஷன் ஏதாவது இருந்தால், அதையும் தூசி தட்டிப் பக்கத்தில் வையுங்கள். வாயைத் திறக்க வேண்டாம். இரண்டு காகிதமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும்.

அதைப் பார்த்துவிட்டு எம்.டி.யே 'எதுக்குப்பா பேச்சாளர்?' என்று கேட்டுவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கம்பெனிக்கு நாற்பதாயிரம் மிச்சம். அதில் டிராலியும் வாங்கி, எல்லோருக்கும் பிரியாணியும் போட்டுவிடலாம். பிரியாணிக்குக் கைதட்டச் சொல்ல ஆள் வைக்க வேண்டியதில்லை!